மூச்சைப் பிடியுங்கோ

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள்
ஒருவரை ஒருவர் ஸ்கான் பண்ணிப் பழக வேண்டும்.
சலப்பை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர்,
குடித்துவிட்டு, கக்கூஸ் பக்கம் பார்க்காமல் இருப்பது.
ஈரல் என்றால் காலைச் சாப்பாடு இல்லை.
இன்றைக்கு ஈரல்.
கரடிப்போக்குச் சந்தியில் பஸ் இறங்கி
பணிஸ் கடையைத் தாண்டுவதற்குள்
இரண்டு தரம் வயிறு கூப்பிட்டுவிட்டது.

மெஷின் வேறெங்கோ பழசாகி எங்களிடம் வந்தது.
புறோப் வயரில் கறுப்பு ரேப்.
ஜெல் போத்தல் சுடுதண்ணிச் சட்டியில் நிற்கும்,
கரண்ட் இல்லாத நாளில் வெய்யிலில்.

சத்தத்தை அனுப்பு, திரும்பி வருவதைப் படமாக்கு:
என் கொப்பியின் முதல் பக்கம் இவ்வளவுதான்.
மிச்சப் பக்கமெல்லாம்
எது திரும்பி வராது என்பதைப் பற்றி.

எலும்பு விடாது. காற்றும் விடாது.
தண்ணீர் விடும், கறுப்பாய்த் தெரியும்.
பித்தப்பை ஒரு பிஞ்சுக் கத்தரிக்காய்.
உள்ளே கல் இருந்தால் வெள்ளையாய் ஒரு விளிம்பு,
அதன் பின்னால் நீள நிழல்.
நிழலைப் பார்த்துத்தான் கல்லென்று சொல்லலாம்.

இரண்டு மாதம் எனக்கு எல்லாமே
அன்ரனா விழுந்த ரீவி.
ஒரு நாள் வலது சிறுநீரகம்
மரமுந்திரிகைக் கொட்டை மாதிரி வந்து நிற்க
"கண்டிட்டன்!" என்று கத்திவிட்டேன்.
வாங்கிலில் இருந்த முழங்காவில் கமக்காரர் எட்டிப் பார்த்தார்.
பிறகு அவருடையதையும் பார்த்தோம்.
சின்னதாய்ச் சுருங்கி, ஈரலைவிட வெள்ளையாய்.
நிறையத் தண்ணி குடியுங்கோ என்று வாய்வரை வந்தது.
எந்தக் கிணத்துத் தண்ணி பிள்ளை என்று
அவர் கேட்டிருந்தால்?

புகழினி கட்டிலில் ஏறிச்
சட்டையை விலா வரை சுருட்டினாள்.
"குளிருது, சனியன்."
மூச்சைப் பிடியுங்கோ.
(கூட்டாளிக்கும் 'ங்கோ' போட வேண்டும்,
நாக்குப் பழகத்தான்.)

சாம்பல் நிறத்தில், ஒரே சீராய், ஈரல்.
புறோப்பைக் கொஞ்சம் சரித்தேன்.
ஒரு வெள்ளைப் புள்ளி.
பின்னால் நிழல் இல்லை. வால்.
படி படியாய்த் தேய்ந்து கீழே இறங்கும் வெள்ளை வால்.
கொப்பியில் இதற்கு வால்வெள்ளி என்று பெயர்.
சத்தம் உள்ளே அகப்பட்டு, மோதி மோதி,
கொஞ்சம் கொஞ்சமாய்த் தப்பி வருவது.
காற்றாக இருக்கலாம்.
உலோகமாகவும் இருக்கலாம்.

விடுங்கோ என்று சொல்ல மறந்துபோனேன்.
முகம் சிவந்து அவளே விட்டாள்.
ஈரலோடு சேர்ந்து அந்தப் புள்ளியும்
மெல்ல மேலே ஏறியது.

"கிடக்கோ? எங்கயும் ஓடிட்டுதோ எண்டு நினைச்சன்.
அளந்து சொல்லு."
நாலு தசம் இரண்டு மில்லிமீற்றர்.
அறிக்கையில் இடம், அளவு, எதிரொலியின் தன்மை.
காரணம் எழுதுவது எங்கள் வேலை இல்லை.

பிறகு அவளே சொன்னாள்:
"எல்லாரையும் கூப்பிடு.
புத்தகத்தில இருக்கிற படம் தெளிவில்லை."
பத்துப் பேர் வரிசையில் வந்தார்கள்.
ஒவ்வொருவரும் தேடி, தவறவிட்டு, பிடித்தார்கள்.
நிலக்சன் மட்டும் புறோப்பைத் தலைகீழாய் வைத்து
ஏச்சு வாங்கினான்.
மூச்சைப் பிடியுங்கோ, மூச்சைப் பிடியுங்கோ.
கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்தபடி
எல்லாருக்கும் பிடித்துக் கொடுத்தாள்.

என் முறை வந்தது.
அவள் விலா விலாவாய், இடுக்கு இடுக்காய்,
தேவைக்கு மேலே நேரமெடுத்துத் தேடினாள்.
நானும் அதே கடற்கரையில்தான் இருந்தேன்,
அதே கிழமை, மூன்று வயதில்.
"உனக்கு ஒண்டும் இல்லை."
இரண்டு பேருக்கும் என்னவோ வெட்கமாய் இருந்தது.

ரிஷ்யூ முடிந்துவிட்டது.
பழைய பேப்பரால் ஜெல்லைத் துடைத்தோம்,
வயிற்றில் அரிசி விலை கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.
"வா, பசிக்குது" என்றாள்.